பூஜையில் வைத்த கம்ப்யூட்டர்

"மெயினைப் பிடுங்கினது யாருன்னுதான் கேக்கறேன் அத்தை, அதை மட்டும் சொல்லுங்க..."

"பூஜை நாளும் அதுவுமா மிஷின் உறுமிக்கிட்டு இருக்கலாமான்னு நான் கேக்கறேன், அதுக்கு நீ மொதல்ல..."

"உறுமல, சும்மா முழிச்சிக்கிட்டு இருந்துது. அதை அப்படியே விட்டிருந்தா..."

"முழிச்சிக்கிட்டு இருக்கறதுக்குப் பேர்தான் வேலை. வாட்ச்மேனுக்கு வேற எதுக்குச் சம்பளம் குடுக்கறாங்க?"

தேரடித் தெரு அச்சகத்தின் முன்னறையில் மாமியாரும் மருமகளும் இப்படி ஒருவர் பேச்சின்மேல் ஒருவர் ஏறிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எண்பத்தெட்டாம் வருஷத்து ஆயுத பூஜை. வெளியே லாரிக்காரர்கள் உடைத்த பூசணிக்காய்களை மாடுகள் முகர்ந்துகொண்டிருந்தன. மாமியார் ரேணுகாம்பாளின் கையில் சுண்டல் கரண்டி. மருமகள் சரோஜாவின் கை கம்ப்யூட்டரின் மேல், காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியில் வைத்ததுபோல இருந்தது. மெயினைப் பிடுங்கியது யாரென்று இருவருக்குமே தெரியும். ரேணுகாம்பாளின் கணவர், அச்சக முதலாளி கோதண்டராமன், கதவுக்குப் பின்னால் நின்று சத்தம் வராமல் பொரி தின்றுகொண்டிருந்தார்.

அவரைக் கேட்டால் அவரிடமும் நியாயம் இருந்தது. அச்சகம் தொடங்கிய நாளிலிருந்து ஆயுத பூஜைக் காலையில் குளித்து முடித்ததும் அவர் செய்யும் முதல் வேலை ஃப்யூஸ் கட்டைகளைப் பிடுங்கி வைப்பது. வருஷமெல்லாம் உழைத்த இயந்திரத்துக்கு ஒரு நாள் ஓய்வு. கை பழகிவிட்டது. முன்னறையில் மருமகளின் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது அந்தக் கைக்குத் தெரியவில்லை.

அச்சகத்தில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. பம்பாயில் வேலை பார்க்கும் மகன், சரோஜாவின் கணவன் சக்கரவர்த்தி, தன் கம்பெனி புதியவை வாங்கியபோது பழையதில் இரண்டைக் கேட்டு வாங்கி லாரியில் அனுப்பியிருந்தான். முன்னறையில் இருப்பது பெரியது. அதை அவன் சர்வர் என்று சொல்வான், வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பின்கட்டில், அச்சு இயந்திரங்கள் நிற்கும் கூடத்தில் இருப்பது சின்னது. இரண்டையும் ஒரு கறுப்புக் கேபிள் சுவரோரமாகச் சேர்த்தது.

பெரியதற்குள் சரோஜாவின் எழுத்துகள் இருந்தன. தமிழ் எழுத்து ஒவ்வொன்றையும் முதலில் கட்டம் போட்ட தாளில் வரைந்து, பிறகு திரையில் புள்ளி புள்ளியாக வைத்து, கல்யாணமாகி வந்த இரண்டு வருஷமாக அவள் செய்த வேலை. ஒரு 'க'வின் வளைவுக்காக ஒரு வாரம் சாப்பாட்டு நேரத்தை மறந்திருக்கிறாள். தாள்களெல்லாம் போன மழையில் ஒழுகி நனைந்து கூழாகிவிட்டன. போனால் போகட்டும், உள்ளேதான் இருக்கிறதே என்று அன்றைக்குச் சிரித்தாள்.

இன்றைக்கு அந்த எழுத்துகளைப் பார்க்க ஒருவர் வருவதாக இருந்தது. சகாதேவன் என்று பெயர். கீழ்பென்னாத்தூர்க்காரர், மெட்ராஸில் குழந்தைகளுக்கான புத்தகங்கள் போடுகிறவர். பூஜைக்கு ஊருக்கு வந்தவர், மதியத்துக்கு மேல் எட்டிப்பார்த்துவிட்டு சாயங்கால பஸ்ஸில் திரும்புவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். பம்பாயில் ஒரு கம்பெனியும் தமிழ் எழுத்து செய்து காட்டியிருக்கிறதாம். நாளைக்கு விஜயதசமி, நல்ல நாள், எதை எடுப்பதென்று முடிவு செய்துவிடுவாராம். ஒரு பக்கம் அச்சாகிக் கையில் கிடைத்தால் போதும் என்றிருந்தார்.

அதற்காகத்தான் ரேணுகாம்பாளே மனம் இறங்கி, பெரியதைப் பூஜையில் சேர்க்காமல் ஒரு சந்தனப் பொட்டோடு விட்டிருந்தாள். அது விடியற்காலையிலிருந்து சரோஜாவின் எழுத்துகளை வரிசைப்படுத்தி எழுதிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஃப்யூஸ் கட்டை வெளியே வந்தது. சரோஜா அடுப்படியிலிருந்து வந்து பார்த்து, முன்னறைக் கட்டையைத் தானே திரும்பச் செருகி, கம்ப்யூட்டரை எழுப்பினாள். கறுப்புத் திரையில் ஒற்றை வரி வந்தது. டிஸ்க்கில் ஒன்றும் அகப்படவில்லை. மறுபடி எழுப்பினாள். அதே வரி.

கோதண்டராமன் கதவுக்குப் பின்னாலிருந்து மெல்ல வந்தார். எழுத்தெல்லாம் எங்கே போயிருக்கும், உள்ளேதானே இருக்கும் என்றார்.

"உள்ளதான் இருக்கு மாமா. எது எங்க இருக்குன்னு அதுக்கே மறந்து போச்சு. இனிமே அதைக் கேட்டுப் பிரயோஜனம் இல்ல."

"அப்ப போச்சா?"

சரோஜா பின்கட்டின் பக்கம் திரும்பினாள். அவள் பிறந்த அடி அண்ணாமலையில் விதைக்கான மல்லாட்டையில், அதாவது நிலக்கடலையில், ஒரு பங்கைப் பங்காளி வீட்டுப் பரணில் போட்டுவைப்பார்கள். எலி இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் வராது. அந்தப் பழக்கத்தில், வெள்ளிக்கிழமைதோறும் விளக்கு வைக்கும் முன்னால் எழுத்துகள் அத்தனைக்கும் ஒரு காப்பி எடுத்து, கேபிள் வழியாகச் சின்னதற்கு அனுப்பிவிடுவாள்.

"சின்னதுல இருக்குது," என்றாள்.

ரேணுகாம்பாள் கரண்டியை நீட்டி வாசலை மறித்தாள்.

"சின்னது பூஜையில இருக்குது."

கூடத்தில் அச்சு இயந்திரத்தின் எதிரே கோலம் போட்டு, வாழைக்கன்று கட்டி, சரஸ்வதி படத்தின் கீழே எல்லாம் அடுக்கியிருந்தது. காகிதம் வெட்டும் கத்தி, ஸ்பேனர்கள், எண்ணெய்க் குவளை, ஈய எழுத்துகள் ஒரு தட்டு, தேய்த்துப் பளபளவென்றிருந்த பித்தளைச் சாமான்கள். நடுவில் சின்னது, நெற்றியில் பட்டையும் கழுத்தில் சாமந்தி மாலையுமாக மாப்பிள்ளைபோல உட்கார்ந்திருந்தது. பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. தொட்டால் வருஷம் முழுக்கக் கைக்கு வேலை ஓடாது. ரேணுகாம்பாள் இதில் யாருக்கும் வளைந்ததில்லை. ஒரு வருஷம் அவளுடைய மூக்குக் கண்ணாடியையே கூட்டத்தோடு கூட்டமாக வைத்துவிட்டு, மறுநாள் வரை சுவரைத் தடவிக்கொண்டு நடந்திருக்கிறாள்.

நாளைக்கு எடுத்துக்கொள்ளலாமே என்றார் கோதண்டராமன். நாளைக்கு சகாதேவன் இருக்கமாட்டார் என்றாள் சரோஜா. அப்படியென்றால் அவருக்கு அதிர்ஷ்டம் இல்லை என்றாள் ரேணுகாம்பாள். பேச்சு அதோடு முடிந்ததுபோலத்தான் இருந்தது. சரோஜா கூடத்து வாசலில் நின்று சின்னதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பின்பக்கத்திலிருந்து கறுப்புக் கேபிள் கிளம்பி, சாமந்திக்கு அடியில் நுழைந்து, சுவரோரமாக முன்னறைக்குப் போனது. அவள் முகம் மாறியது.

"அத்தை, நான் அதைத் தொடமாட்டேன்."

"தொடாம எப்படி எடுப்ப?"

"இந்தக் கேபிள் எதுக்கு இருக்குது? முன்னாடி உக்காந்துக்கிட்டே எடுக்கலாம். அதுல ஸ்விட்ச் போட்டபடியேதான் இருக்குது. கூடத்துக்குக் கரண்டு வந்தா தானா எழுந்துக்கும். யார் கையும் படாது."

ரேணுகாம்பாள் யோசித்தாள். தூங்குகிறவன் மடியிலிருந்து வெற்றிலைப் பாக்கை எடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாள். அவன் தூக்கம் கலையாமல் எடுத்தால் தப்பில்லை என்றார் கோதண்டராமன். கதவுக்குப் பின்னால் நின்ற குற்றத்தைக் கழுவிக்கொள்ள அவருக்கு அது ஒரு வாய்ப்பாக இருந்தது. ஃப்யூஸ் கட்டை பூஜையில் இல்லையே என்று அவரே கேள்வியும் கேட்டு, அவரே இல்லை என்று பதிலும் சொல்லிக்கொண்டு நடந்தார்.

அச்சகத்தில் ஈய எழுத்துக் கோக்கும் வேடியப்பன் அப்போதுதான் புது வேட்டியில் பூஜைப் பொரி வாங்க வந்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அச்சு இயந்திரங்களின் மோட்டார்கள் எல்லாம் அணைந்திருக்கின்றனவா என்று பார்த்து வந்தான். கோதண்டராமன் கூடத்துக் கட்டையைச் செருகினார்.

மாலைக்குள்ளிருந்து ஒரு சின்ன உறுமல் கேட்டது. பிறகு 'பீப்' என்றது. குங்குமத்துக்குக் கீழே பச்சை விளக்கு எரிந்தது.

"எழுந்துடுச்சு டோய்," என்றான் வேடியப்பன். ரேணுகாம்பாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சரோஜா முன்னறைக்கு ஓடினாள். மற்றவர்கள் பின்னாலேயே ஓடினார்கள். ஃப்ளாப்பியிலிருந்து பெரியதை எழுப்பி, கேபிள் வழியாகச் சின்னதைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். பக்கத்து அறையில் அது விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் பெரியதற்கு அது இருப்பதே தெரியவில்லை.

சாமி உத்தரவு கிடைக்கவில்லை என்றாள் ரேணுகாம்பாள். சாமிக்கு முன்னால் கேபிளைப் பார்த்துவிடலாம் என்று சரோஜா மண்டியிட்டு, ஒரு விரலைக் கேபிளின்மேல் வைத்து, கூடத்து வாசலிலிருந்து அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டு வந்தாள். அறுபடவில்லை. எலி கடிக்கவில்லை. பெரியதன் முதுகைத் தாண்டி, மேஜைக்கு அடியில், கேபிளின் கடைசி நுனிக்கு வந்ததும் நின்றாள்.

"இங்க ஒரு மூடி இருந்துதே, பித்தளையில. விரல் நுனி அளவுக்கு. அது எங்க?"

சரோஜா நிமிர்ந்து விளக்கினாள். கேபிளின் இரண்டு நுனியிலும் ஒரு மூடி இருந்தாக வேண்டும். ஒரு மூடி கழன்றாலும் போகிற சேதி நுனியில் முட்டித் திரும்பி வந்து எல்லாவற்றையும் குழப்பிவிடும். வாய்க்காலின் கடைமடையை அடைக்காமல் விட்டால் தண்ணீர் எந்தப் பாத்தியிலும் நிற்காது அல்லவா, அந்த மாதிரி.

ரேணுகாம்பாளின் கை மெல்ல வாய்க்குப் போனது. நேற்று மதியம் அவள் வீட்டில் இருந்த பித்தளை அத்தனையையும் புளி போட்டுத் தேய்த்தாள். விளக்கு, மணி, கதவுக் குமிழ், அலமாரிப் பூட்டு. மேஜைக்கு அடியில் பெருக்கும்போது ஒன்று அழுக்காகக் கண்ணில் பட்டது. திருகினாள், கழன்று வந்தது. எந்தக் குழாயின் மூடியோ என்று அதையும் தேய்த்தாள்.

"தேய்ச்சு?"

"தேய்ச்சு... பொட்டு வச்சு, அங்க வச்சுட்டேன்."

அங்கே என்றால் பூஜையில். எல்லோரும் கூடத்து வாசலுக்குப் போய் எட்டிப்பார்த்தார்கள். ஸ்பேனர்களுக்கும் எண்ணெய்க் குவளைக்கும் நடுவில், ஒரு செம்பருத்தி இதழின் மேல், தங்கம்போல மின்னிக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது. கையை நீட்டினால் எட்டும் தூரம்.

கோதண்டராமனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல், போகட்டும் விடு சரோஜா என்று ஆரம்பித்தார். நம்மிடம் ஈய எழுத்து மூட்டை மூட்டையாக இருக்கிறது, யார் பிடுங்கினாலும் அது அழியாது, இந்தப் பெட்டிகளோடு மாரடித்தது போதும் என்றார். பேச்சு வேகத்தில் ஒரு வார்த்தை ஜாஸ்தியாக வந்துவிட்டது. வேலூரில் ஒரு டைப்பிங் பள்ளிக்காரர் இரண்டையும் கேட்டிருக்கிறார், தீபாவளிக்குள் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

"அதுக்குள்ள இருக்கற எழுத்து?" என்றாள் சரோஜா.

"அது பிரஸ்ஸோட எழுத்துதானேம்மா. மிஷினோட போவும்."

சரோஜா கூடத்து நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவளை முந்திக்கொண்டு பேசியது ரேணுகாம்பாள்.

"யாரைக் கேட்டுங்க வாக்குக் குடுத்தீங்க?"

"யாரைக் கேக்கணும்?"

"ராத்திரி ரெண்டு மணிக்கும் மூணு மணிக்கும் எழுந்து விளக்குப் போட்டுக்கிட்டு உக்காருது பொண்ணு. நான் கரண்டு பில்லுன்னு திட்டியிருக்கேன், ஒத்துக்கறேன். ஆனா நான் திட்டுறது வேற. நீங்க தூக்கிக் குடுக்கறது வேற."

அவர் ஏதோ சொல்லவந்தார். அவள் கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டாள். கால் கழுவிக்கொண்டு வந்தாள். ஒரு கற்பூரத்தை ஏற்றிப் படத்துக்குக் காட்டினாள். வேடியப்பனிடம் பிறகு சொன்னாளாம், அந்த நேரத்தில் மனசுக்குள் என்ன வேண்டினீர்கள் என்று அவன் கேட்டதற்கு, தாயே சரஸ்வதி, எழுத்துக்குச் சொந்தக்காரி நீ, எழுத்தைக் காப்பாற்றத்தான் எடுக்கிறேன், நீயே பார்த்துக்கொள் என்றாளாம். பிறகு குனிந்தாள்.

"நான்தான் வச்சேன். நானே எடுக்கறேன். வருஷம் பூரா வேலை ஓடலன்னா எனக்கு ஓட வேணாம்."

மூடியைச் சரோஜாவின் கையில் வைத்தாள். சரோஜா முந்தானையால் குங்குமத்தைத் துடைத்து, உள்ளே ஊதி, கேபிள் நுனியில் வைத்துத் திருகினாள். மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வரும்போது தலை இடித்தது. கவனிக்கவில்லை. கூப்பிட்டாள்.

திரையில் சின்னதன் பெயர் வந்தது. அதன் கீழே போன வெள்ளிக்கிழமை வைத்த எழுத்துகள் வரிசையாக வந்தன. வேடியப்பன் கைதட்டினான்.

ஆனால் அதற்குப் பிறகுதான் பயமே. பெரியதன் டிஸ்க்கை மொத்தமாகத் துடைத்தால்தான் காப்பியை அதில் வைக்க முடியும். துடைத்த பிறகு காப்பி கெட்டிருந்தால் இரண்டும் இல்லை. வரிசை தெரிகிறதே தவிர, எழுத்து உள்ளே ஒழுங்காக இருக்கிறதா என்பது கொண்டுவந்து பார்த்தால்தான் தெரியும். சரோஜா இதை எல்லோருக்கும் சொன்னாள். துடைக்கலாமா என்று கேட்பதுபோல அவள் மாமியாரைப் பார்த்தாள். நான் செய்யவேண்டியதைச் செய்துவிட்டேன் என்பதுபோல மாமியார் பார்த்தாள். சரோஜா கட்டளையைத் தட்டினாள்.

துடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. சகாதேவன் வந்துவிட்டார். மெலிந்த மனிதர், தோளில் ஜோல்னாப் பை. கோதண்டராமன் ஒரு கையில் கரண்டியும் மறு கையில் சுண்டல் தட்டுமாக வரவேற்று, உட்காருங்கள், எழுத்துகள் பக்கத்து அறையிலிருந்து வந்துகொண்டிருக்கின்றன என்றார். சகாதேவன் சிரித்தார். வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். திரையின் எதிரே நின்றவர்களின் முதுகைப் பார்த்ததும் அவரும் தட்டோடு வந்து பின்னால் நின்றுகொண்டார்.

சரோஜா ஒவ்வொரு எழுத்தும் வந்து சேர்ந்ததும் திரையில் பெரிதாகக் காட்டும்படி செய்திருந்தாள். முதலில் வெறும் கறுப்பு. கூடத்தில் சின்னது கடகடவென்றது. பிறகு மேலிருந்து கீழாகப் புள்ளிகள் இறங்கின.

"அ," என்றான் வேடியப்பன்.

அ முழுசாக வந்தது. சுழி சுழியாக, கால் காலாக. அடுத்து ஆ. இ வந்தபோது கோதண்டராமனும் சேர்ந்து சொன்னார். ஈ, உ, ஊ. ஒவ்வொரு முறையும் கூடத்தில் கடகட, முன்னறையில் ஓர் எழுத்து. சகாதேவன் சுண்டலை மறந்துவிட்டார். அடுத்து வரப்போவதை அவரும் முந்திச் சொல்லத் தொடங்கினார். தெருவில் போன இரண்டு பேர் உள்ளே என்ன பள்ளிக்கூடம் நடக்கிறதென்று எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்கள்.

க வந்தது. ங வந்தது. ச பாதியில் நின்றது.

கூடத்தில் சத்தமே இல்லை. திரையில் ச இடுப்புவரை இருந்தது, கீழே ஒன்றும் இல்லை. சரோஜா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இந்த நேரத்தில் எதையும் தொடக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். அவள் உதடு மட்டும் அசைந்தது. வேடியப்பன் கூடத்துக்கு ஓடிப்போய், வாசலிலேயே நின்று பார்த்து, பச்சை விளக்கு எரிகிறது என்று கத்தினான்.

"வா கண்ணு, வா," என்றாள் ரேணுகாம்பாள், கன்றுக்குட்டியைக் கூப்பிடும் குரலில்.

கட என்று ஒரு சத்தம். இன்னொன்று. ச இறங்கி முடிந்தது. ஞ அதன் பின்னாலேயே ஓடிவந்தது. அதற்குப் பிறகு எதுவும் நிற்கவில்லை. ட, ண, த, ந என்று கூச்சலும் சிரிப்புமாக, ரேணுகாம்பாள் பள்ளிக்கூடத்தில் கற்ற ராகத்தில் இழுத்துச் சொல்ல, னகரம் வரை வந்து சேர்ந்தது. அந்த வாரம் சரோஜா புதிதாக வரைந்திருந்த ஜ, ஷ, ஹ மூன்றும் காப்பியில் இல்லை. அவை போனவை போனவைதான். மறுபடி வரைந்துகொள்ளலாம் என்றாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ஒரு பக்கம் அச்சடித்தாள். பெரியதன் பக்கத்திலிருந்த பிரின்டர் கீச்சுக் கீச்சென்று வரி வரியாக இழுத்துப் போட்டது. பூஜை நாளில் இந்தச் சத்தமும் கேட்டாயிற்று என்றாள் ரேணுகாம்பாள், ஆனால் தாளைக் கிழித்து எடுத்துக் கொடுத்தது அவள்தான். சகாதேவன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தள்ளிப் பிடித்தார், கிட்டே பிடித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பம்பாய் எழுத்தில் ல நொண்டுகிறது, இதில் நடக்கிறது என்றார். நாளைக்கு முடிவு செய்வதற்கு ஒன்றுமில்லை, இப்போதே செய்துவிட்டதாகச் சொன்னார். தன் புத்தகங்கள் இனி இந்த எழுத்தில்தான் என்றார். கோதண்டராமன் வேலூர்க்காரரைப் பற்றி வாயே திறக்கவில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சகாதேவன் எழுந்தார். பையைத் திறந்து, உறையோடு ஒரு புது ஃப்ளாப்பியை எடுத்து மேஜையில் வைத்தார். எழுத்துகளை அதில் போட்டுக் கொடுக்கச் சொன்னார். இன்றைக்கு நடந்ததை அவர் கண்ணால் பார்த்தாராம். இரண்டு காப்பியும் ஒரே வீட்டில், ஒரே ஃப்யூஸ் பெட்டிக்குக் கீழே. ஒரு காப்பி மெட்ராஸில் இருந்தால் யார் பிடுங்கினாலும் பயமில்லை. ஒப்பந்தத் தாளைத் தீபாவளி முடிந்ததும் அனுப்பிவைப்பதாகச் சொன்னார். நல்ல மனுஷர்தான். சொல்லும்போது கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார்.

அதற்கென்ன, தாராளமாக என்று சொல்லிக்கொண்டே கோதண்டராமன் ஃப்ளாப்பியை எடுத்து மருமகளிடம் நீட்டினார்.

சரோஜா வாங்கவில்லை. கேபிள் வழியாக எழுத்துகள் வந்த வேகத்தை அவள் இப்போதுதான் பார்த்து முடித்திருந்தாள். இரண்டு வருஷம் புள்ளி புள்ளியாக வைத்தது, ஒரு தட்டுச் சுண்டல் ஆறுவதற்குள் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு வந்துவிட்டது. காப்பி யாரிடம் இருக்கிறதோ அவரிடம் ஒன்று குறையாமல் அத்தனையும் இருக்கும். இங்கே இல்லாமல் போனாலும் அங்கே இருக்கும். இங்கே இருந்தாலும் அங்கே இருக்கும், ஒப்பந்தத் தாள் வந்தாலும் வராவிட்டாலும்.

ரேணுகாம்பாள் கணவரின் கையிலிருந்து ஃப்ளாப்பியை வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இவ்வளவு லேசாக இருக்கிறதே என்பதுபோல உள்ளங்கையில் வைத்து நிறுத்துப் பார்த்தாள். பிறகு மருமகளின் பக்கம் திரும்பினாள்.

"பிரஸ்ஸோடது இல்ல, மாமாவோடது இல்ல. உன் எழுத்து. நீ சொல்லு சரோஜா, குடுக்கலாமா?"